என்கிட்ட ஓடுதே!

மனித இனத்தில் ‘என்கிட்ட ஓடுதே’ என்றொரு வகையறா உண்டு. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலவே இருப்பார்கள். ஒரு குறையைச் சொன்னால் மற்றவர்கள் “அப்படியா, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருப்பார்கள். இவர்கள் அப்படியல்ல. உடனே பார்ப்பார்கள். தங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தங்கள் கணினியில் பார்த்துவிட்டு, ஏதோ மனக்கோளாறு உள்ளவரை ஏறிடுவதுபோல் நம்மை ஏறிட்டு, “என்கிட்ட ஓடுதே!” என்பார்கள். அத்தோடு வழக்கு தள்ளுபடி.

கணினித் துறையில் இந்த வகையறா செழித்து வளர்கிறது. நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை, கை நீட்டினால் காப்பி இயந்திரம். வளராமல் என்ன செய்யும்? நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி, ஒரு தம்பி. வீட்டில் மனைவி, “வெந்நீர் வரலீங்க” என்றால், “நான் குளிச்சப்ப வந்துச்சே” என்பான். குழாய் சரியாகிவிட்டதாக அதற்குப் பொருள். மனைவி குளிர்ந்த நீரில் குளித்துப் பழகிவிட்டாள்.

தம்பிக்கு ஒரு அக்கா. தையல் இயந்திர உதிரி பாகக் கடை வைத்திருப்பவள். சுவரெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள்; ஊசி, பாபின், பெல்ட், மிதிகட்டை, இன்னும் பெயர் தெரியாத ஆயிரம் திருகாணிகள். ஆள் வந்து கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். ஆனால் ஆள் வந்தால்தானே? கடைத்தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டவர்கள் மூட மறந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இணையத்தில் கடை திறந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை வந்தபோது, அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

“இவ்வளவுதானே? ஒரு சாயங்கால வேலைதான்க்கா” என்றான் தம்பி.

அவன் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டுமே! இணையத்தில் எந்நேரமும் இயங்கும் ஜாவா சர்வர் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தான். பொருள்களைத் தேடிக் கொடுக்கும் செயலியை அதில் ஏற்றினான். எப்படி அமைப்பது என்று விளக்கும் பக்கத்தைத் திறந்து முதல் இரண்டு வரி படித்துவிட்டு, மீதியெல்லாம் நேற்று வந்த பையன்களுக்கு என்று மூடினான். நினைவகம் கூட்டினான், குறைத்தான், சர்வரை நிறுத்தினான், மறுபடி கிளப்பினான், கிளம்பாதபோது சர்வர் கம்பெனிக்காரனைத் திட்டினான், கிளம்பியபோது தன்னைப் பாராட்டிக்கொண்டான். கடைசியில் தன் மடிக்கணினியில் அக்காவின் கடையைத் திறந்து ‘பாபின்’ என்று தட்டினான். கண்ணிமைக்கும் நேரத்தில் பாபின்கள் வரிசைகட்டி வந்தன. முடிந்தது வேலை!

கடை திறந்தது. ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.

பழைய வாடிக்கையாளரான ஒரு தையல்காரர்தான் விஷயத்தை உடைத்தார். “என்னம்மா, கடையைக் காலி பண்ணிட்டீங்களா? பாபின் தேடினா ‘இந்தப் பொருள் இல்லை’ன்னு வருது, பெல்ட் தேடினாலும் அதேதான். நான் வேற இடத்துல வாங்கிட்டேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர் நிறைய சரக்கை வைத்துக்கொண்டு, தன் கடையிலேயே ‘இல்லை, இல்லை’ என்று ஊருக்குப் பலகை மாட்டியிருக்கிறாள்! தம்பிக்கு போன் போட்டாள். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“என்கிட்ட ஓடுதேக்கா. அவர் போன் பழசா இருக்கும்.”

தையல்காரர் புதுப் போன் வாங்கினார் என்று வையுங்கள், “இணைப்பு சரியில்லை” என்பான். இணைப்பை மாற்றினால், “அவருக்குத் தட்டத் தெரியலை”. அக்காவே தட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தட்டத் தெரியவில்லையாம். வாரக் கணக்கில் இப்படியே போனது. தேடலில் பிழை இருக்கலாம் என்பதைத் தவிர, உலகத்தில் உள்ள எல்லாவற்றிலும் பிழை இருக்கிறது என்று தம்பி நிரூபித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நேரில் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

“இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்டா.”

“என்னக்கா நீ! இங்க பாரு.” மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, ‘பெல்ட்’ என்று தட்டினான். பெல்ட்டுகள் வந்தன. “ஊசி சொல்லு. வந்துச்சா? எல்லாம் வருதா இல்லையா?”

அக்கா தன் போனில் தட்டினாள். ‘இந்தப் பொருள் இல்லை.’ மடிக்கணினியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“அப்போ இதுல மட்டும்தான் ஓடுது?”

“சூப்பரா ஓடுது!”

“சரி, இதையே கடைக்குக் கொண்டு போறேன்” என்று மடிக்கணினியை மூடி, பையில் போட்டுக்கொண்டு, அக்கா நடையைக் கட்டினாள். தம்பி வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அவள் எதையாவது தப்பாகத் தொட்டுவிடுவாளோ என்ற பதற்றத்தில், தம்பி மனைவியின் கணினியில் கடையைத் திறந்தான். ‘பாபின்’ என்று தட்டினான்.

இந்தப் பொருள் இல்லை.

“உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு” என்றான்.

“மத்ததெல்லாம் என்கிட்ட நல்லாத்தான் ஓடுது” என்றாள் மனைவி, தலையைத் துவட்டியபடி.

தன் போனில் தட்டினான். இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சி அவர் போனில் தட்டினான். அங்கும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, அவனிடமே ஓடவில்லை! சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, தான் எழுதிய அமைப்புகளை வரி வரியாகப் படித்தான். தேடல் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற இடத்தில், வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது எழுதிய விலாசம் அப்படியே இருந்தது: ‘இதே கணினி’. யார் கடையைத் திறந்தாலும், தேடல் அவரவர் கணினியையே கேட்டிருக்கிறது. தையல்காரரின் போன் தன் வயிற்றுக்குள்ளேயே பாபினைத் தேடி, இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறது. தம்பியின் மடிக்கணினியில் மட்டும், சோதித்துப் பார்க்க ஏற்றிய சரக்குப் பட்டியல் இருந்ததால், எல்லாம் வந்தது. வாடகை சர்வரோ, கேட்பாரற்று ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அக்காவின் கடையைப் போலவே.

அவனுக்குக் காது சிவந்தது. ஒரே ஒரு வரி. அதைத் திருத்தி, சர்வரை மறுபடி கிளப்பினான். பாபின்கள் எல்லோரிடமும் வரிசைகட்டின.

சில நாளில் அக்காவின் குரலே மாறிவிட்டது. பொட்டலம் கட்டக் கை போதவில்லையாம். தம்பி மெதுவாகக் கேட்டான்: “அக்கா, இப்பத்தான் எல்லார்கிட்டயும் ஓடுதே. லேப்டாப்பை எடுத்துக்க வரட்டுமா?”

“எதுக்குடா தம்பி?” என்றாள் அக்கா. “என்கிட்ட நல்லாத்தானே ஓடுது!”

சிரித்தீர்களா? சந்தோஷம். நேற்று வீட்டில் யாரோ சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்றபோது, “எனக்குச் சரியாத்தான் இருக்கு” என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது யார்? ‘நான் அந்த ரகமே இல்லை’ என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றட்டும், உங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது. எதற்கும் பக்கத்து அறையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.