படுக்கை விரிப்பு பற்றி ஒரு திருத்தம்

பியாவிஸ்தோக், போலந்து,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரொட்டித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கும் அம்ப்ரோஜி குலேஷா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைத் தங்கள் பதவிக்குரிய மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் என் பால்கனியின் படத்தைப் போட்டு, 'பெலாரஸ் மக்களின் போராட்டத்துக்கு ஆதரவாக, அவர்களுடைய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியைத் துணிச்சலாகப் பறக்கவிட்ட சுதந்திர நெஞ்சம்' என்று எழுதியிருந்தீர்கள். இதில் கொடி என்பது பொய், துணிச்சல் என்பது பொய், நெஞ்சைப் பற்றி டாக்டரைத்தான் கேட்க வேண்டும். பால்கனி மட்டும் உண்மை. ஐயா, அது என் படுக்கை விரிப்பு.

நடந்தது இதுதான். என் மனைவி லெயோகாதியா முழங்கால் வலிக்காக ஊற்றுநீர்ச் சிகிச்சை இல்லத்துக்குப் போயிருக்கிறாள். போகும்போது இரண்டு கட்டளை: படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, மாதா திருநாளன்று துணி துவைக்கக் கூடாது. திருநாள் வந்தது. நம் ராணுவத் திருநாளும் அதே நாள் என்பதால் கட்டடம் முழுக்க நம்முடைய வெள்ளை-சிவப்புக் கொடி. நான் ஜில்லென்று ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்போடு படுக்கையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். கறை தெரியக் கூடாதே என்று அவளுடைய சிவப்பு மேஜைவிரிப்பை மேலே போர்த்திக்கொண்டுமிருந்தேன். இந்த வீட்டில் என்னைவிட முன்யோசனை உள்ளவர் யாருமில்லை. தேர்தலில் ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்று பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் தெருக்களில் ஜனங்கள் வெள்ளம் போலப் போவதைக் காட்டினார்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன், நான் உணர்ச்சிவசப்படவில்லை, தும்மினேன். சூப் மேஜைவிரிப்பைத் தாண்டி, போர்வை விரிப்பைத் தாண்டி, கீழ்விரிப்பு வரை போய்ச் சேர்ந்தது. தடயத்தை மறைக்க அன்றைக்கே மூன்றையும் துவைத்தேன். கனமானதை நடுவில் போட்டால்தான் கயிறு ஒரு பக்கமாகச் சரியாது என்பது ரொட்டி வண்டி ஏற்றிய எவனுக்கும் தெரியும். ஆகவே வெள்ளை, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளை. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எட்டிப் பார்த்தால் இளவட்டங்கள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறார்கள். பக்கத்துக் கயிற்றில் என் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்து வெட்கத்தோடு கையை ஆட்டினேன். கைதட்டல் அதிகமாகிவிட்டது. (தங்கள் புகைப்படக்காரர் அந்தக் கயிறு தெரியாமல் படத்தை வெட்டியிருக்கிறார். அதற்கு நன்றி.)

பிறகு அழைப்பு மணி. ஆறாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் உல்யானா, எல்லைக்கு அந்தப் பக்கம் கிரோத்னாவிலிருந்து வந்து இங்கே மருந்தியல் படிக்கிற பெண், கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

"தாத்தா, எங்கண்ணனை ஊர்வலத்துல பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியல. அழுதுகிட்டே பஸ்ஸை விட்டு இறங்கி வரேன், நிமிர்ந்து பாத்தா எங்க கொடி! நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே தாத்தா!"

'அது கொடி இல்லம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அன்று மாலையே அவள் சுடச்சுட உருளைக்கிழங்கு அடை கொண்டுவந்தபோதும் திறந்தேன், ஆனால் அடை உள்ளே போய்விட்டது. வாய் நிறைய வைத்துக்கொண்டு உண்மை பேச முடியாது.

மறுநாள் காலை, யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று பால்கனிக்குப் போய் முதல் துணிக்கவ்வியைக் கழற்றினேன். கீழே செவெரின் நின்றுகொண்டிருந்தார். ராணுவச் சேமிப்புக் கிடங்கில் இருந்தவர். கட்டடத்தின் தேசபக்தி மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்தவர். அவர் வீட்டுக் கொடியை வைத்து ஒரு லாரியை மூடலாம்.

"யோவ் குலேஷா! நம்ம திருநாளும் அதுவுமா அடுத்த நாட்டுக் கொடியா? நீயெல்லாம் போலந்துக்காரனா?"

எடுக்கத்தான் வந்தேன் ஐயா. அந்த மனிதர் தயவுசெய்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விரிப்பு மடிப்போடு அலமாரிக்குள் போயிருக்கும்.

"என் பால்கனி, என் கயிறு, ஒனக்கென்னய்யா?"

"தேசபக்தின்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"நீ சொல்லித் தரியா? எண்பத்தொண்ணு டிசம்பர்ல ராணுவச் சட்டம் போட்டு நம்ம தெருவுலயே டாங்கு வந்து நின்னப்போ ரொட்டி ஆலைக்குள்ள உக்காந்து வேலைநிறுத்தம் பண்ணவன்யா நான்! அப்ப ஹாலந்துல முகம் தெரியாத ஒருத்தி எனக்குக் காப்பித்தூளும் காலுறையும் பார்சல் அனுப்பினா. காலுறை எனக்குப் பத்தல, இன்னும் வெச்சிருக்கேன். அவ அவளோட நாட்டுக்குத் துரோகமா பண்ணிட்டா? நம்ம கொடிய நாம ஏன்யா கட்டறோம்? எவனும் எவன் ஓட்டையும் திருடக் கூடாதுன்னுதானே? அது கிரோத்னாவுல போட்ட ஓட்டா இருந்தா மட்டும் திருடலாமா?"

முற்றமே கைதட்டியது. யார் இப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கவ்வியைத் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அன்றிலிருந்து ஜன்னல் திரையை விரித்துப் படுக்கிறேன்.

திங்கட்கிழமை செவெரின் என் கதவைத் தட்டினார். சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திறந்தேன்.

"ஓரமெல்லாம் சுருங்கியிருக்குய்யா" என்றார் முகத்தைப் பார்க்காமல். "கொடின்னா கொடி மாதிரி இருக்கணும். இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்திருக்கேன்."

இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தோம். ராணுவத்தில் விரிப்பு மடிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறதாம். அதைச் சொல்லிக் கொடுத்தே என் உயிரை வாங்கினார். மறுபடி தொங்கவிட்டபோது தன் பெரிய கொடியையும் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு எதிர்க் கட்டடம் வரை வெள்ளை-சிவப்பு-வெள்ளையாக இருக்கிறது. இந்தப் பேட்டையில் யாருமே விரிப்பில் படுப்பதில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், என்னைத் தவிர.

லெயோகாதியா தொலைபேசியில் கூப்பிட்டாள். சிகிச்சை இல்லத்தில் எல்லாப் பெண்களும் பத்திரிகையைக் காட்டி அவளுக்குக் கைகொடுத்தார்களாம்.

"வீரரோட பெண்டாட்டின்னு எனக்கு எக்ஸ்ட்ரா கேக் வெக்கறாங்க. அது இருக்கட்டும், அது என் கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்புதானே? என்னிக்குத் துவைச்சீங்க?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐயா, நான் கண்டிப்பான மனிதன். அங்கே ஜனங்கள் ஏன் தெருவில் நிற்கிறார்கள்? எண்ணிக்கையில் பொய் சொன்னார்கள் என்றுதானே? அவர்களுக்கு ஆதரவு என்ற பெயரில் நான் ஒரு பொய்யைக் கயிற்றில் தொங்கவிடலாமா? ஆகவே, 'அது கொடியல்ல, படுக்கை விரிப்பு' என்று உடனடியாகத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அதைப் பழைய டிராக்டர் விற்பனை விளம்பரங்களுக்கு நடுவில், சின்ன எழுத்தில் போடுங்கள். அந்தப் பெண் படிக்கக் கூடாது. தங்கள் பத்திரிகைப் படத்தை அவள் ஊருக்கு அனுப்ப, அதை அவளுடைய அம்மா சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாளாம், பிள்ளை வீடு திரும்புகிற வரைக்கும். ஒரு கிழவன் சிந்திய சூப்பை நம்பித்தான் அந்த அம்மாள் தைரியமாக இருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தங்கள் அச்சு இயந்திரம் மை வற்றாமலும், தங்கள் வீட்டு மேஜை ரொட்டி குறையாமலும் இருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,

அம்ப்ரோஜி குலேஷா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உல்யானா படியில் தடதடவென்று ஓடிவந்தாள். அண்ணனை விட்டுவிட்டார்களாம்! இளைத்துப்போய் வீட்டுக்கு வந்தவன் முதலில் கேட்டது ஒரு கிண்ணம் சூப்பாம். என்னால் தாங்க முடியவில்லை. அவளை உட்காரவைத்து இந்தக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டேன். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா, அன்னிக்கே தெரியும். கொடில யாராவது பீட்ரூட் கறை வெப்பாங்களா? பக்கத்துக் கயித்துல உங்க ஜட்டி வேற."

"அப்புறம் ஏன் உங்கம்மாகிட்ட கொடின்னு சொன்னே?"

"விரிப்புன்னுதான் சொன்னேன். மொத நாள் தொங்கினது விரிப்புதான் தாத்தா. மறுநாள் அவ்வளவு திட்டு வாங்கியும் நீங்க அதை எடுக்கலையே, அதைத்தான் அம்மா சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க."

அதன்பிறகு எனக்கும் அழுகை வந்துவிட்டது. தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே திருத்தம் வேண்டாம். தாங்கள் எழுதியதே சரி, அது கொடிதான். லெயோகாதியா செவ்வாய்க்கிழமை வருகிறாள். முடிந்தால் அந்த டிராக்டர் விளம்பரங்களுக்கு நடுவில், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே, இதை மட்டும் போடுங்கள்: மேற்படி கொடி திருநாளுக்கு முந்தின நாளே துவைக்கப்பட்டது.