செல்லமுத்து அண்ணனின் மோதிர விரல்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாற்பத்தோரு நாள் நான் அடுத்தவர் விரலை வைத்துப் பேர் வாங்கியவள். முழுசாக ஒரு மண்டலம். அத்தனை நாள் ஒழுங்காக ஒரு கோயிலுக்கு விளக்குப் போட்டிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

ரெட்டியார்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. 'எங்கள்' என்பது பழக்கதோஷம். வீட்டுக்காரர் போய் நாலு வருஷமாகிறது, மகன் கார்த்தி பெங்களூரில். ஆக நான், முன்னறையில் ஒரு தையல் மிஷின், ஊரார் ரவிக்கைகள், அவ்வளவுதான். சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன டாக்டர், "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். "நான் மட்டும்தான் சார்" என்றேன். "அப்ப ரொம்ப ஈசி. உங்களுக்கு மட்டும் பாத்து சமைச்சுக்கிட்டா போதும்" என்றார். அந்த மனுசன் ஒருநாளாவது ஒற்றை ஆளுக்குச் சமைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு என்ன வெஞ்சனம் வைப்பது? அதை யாரிடம் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பது? வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று பாதி நாள் பன்னும் டீயுமாக ஓட்டினேன். (டீயில் சீனி இல்லை. பன்னில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள்.)

கார்த்தியிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவான். "நல்லா இருக்கியாம்மா?" "நல்லா இருக்கேன்பா." "சரிம்மா, வேலை கெடக்கு, வச்சிர்றேன்." இந்த மூன்று வாக்கியத்துக்கு நடுவில் சர்க்கரையை எங்கே செருகுவது?

இந்த நிலையில்தான் ரவிக்கை தைக்க வந்த டீச்சர் ஒருத்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். 'இனிப்பில்லா இனியவர்கள்' என்று பெயர். எல்லோருக்கும் சர்க்கரை. காலை ஆறரைக்குள் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, சுகர் மிஷின் காட்டுகிற நம்பரைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். ஊர் ஊராக ஆள்கள். தூத்துக்குடியில் ஒரு அட்மின் தம்பி. முகம் தெரியாத அம்புட்டுப் பேரும், "என்ன சாப்டீங்க, நடந்தீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். முதல் நாள் அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். (வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.)

ஆனால் என் நம்பர்தான் வெட்கங்கெட்டது. 243. மறுநாள் 239. அதற்கு மறுநாள் 251. குரூப்பில் நல்ல நம்பர்காரர்களுக்குக் கைதட்டுப் படம் வரும், பேச்சு வரும், சிரிப்பு வரும். என்னைப் போன்றவர்களுக்கு நீளநீளமாக அறிவுரை வரும், அதுவும் யாரோ யாருக்கோ எழுதியது. நாலாவது நாளிலிருந்து அதுவும் வரவில்லை. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

ஒருவேளை சுகர் மிஷின்தான் கோளாறோ என்று சந்தேகம். (நம் மேல் தவறு இருக்குமா என்ன?) காலை ஆறு மணிக்குப் பால் ஊற்ற வரும் செல்லமுத்து அண்ணனை நிறுத்தினேன். அறுபது வயசு, ஒட்டடைக்குச்சி உடம்பு, தினம் பத்து மைல் சைக்கிள் மிதிக்கிற ஆள். "அண்ணே, ஒரு விரலக் குடுங்க. மிஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்." அவர் மோதிர விரலை நீட்டினார். குத்தினேன். 96.

மிஷின் நன்றாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த 96 அவ்வளவு அழகாக இருந்தது. கை தன்பாட்டுக்குப் போட்டோ எடுத்தது, தன்பாட்டுக்கு அனுப்பியது. நான் எதுவும் செய்யவில்லை.

ஐயோ, அந்தக் கைதட்டல்! "சூப்பர் அக்கா!" "எப்படி அக்கா?" "சிங்கப்பெண்ணே!" அட்மின் தம்பி என் படத்தைச் சுற்றிப் பூ வரைந்து போட்டான். எனக்குக் கடைசியாக யாராவது கைதட்டியது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலையும் செல்லமுத்து அண்ணனுக்காக வாசலிலேயே நின்றேன்.

அப்புறம் அது அன்றாட வேலையாகிவிட்டது. அவர் பால் ஊற்றுவார், விரல் நீட்டுவார், ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். (தினம் ஊசியை மாற்றிவிடுவேன். அந்த ஒரு விஷயத்தில் நேர்மை.) "ஏம்மா, இன்னுமா இந்த மிஷின் சரியாகல? கடையில திருப்பிக் குடுத்துர வேண்டியதுதான?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்ணே" என்பேன்.

பொய் நம்பர் போட்டால் போதாது. எப்படிக் குறைந்தது என்று கேட்பார்களே? ஆவாரம்பூக் கஷாயம் என்று அடித்துவிட்டேன். எத்தனை பூ, எவ்வளவு தண்ணீர், எந்தப் பாத்திரம் எல்லாம் சொன்னேன். நான் அந்தக் கஷாயத்தை ஒரு வாய் குடித்ததில்லை. அதை அப்படியே நம்பியவள் ஒட்டன்சத்திரம் வாணி. காய்கறி மண்டிக்காரர் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். தனியாகவும் பேச ஆரம்பித்தாள். "ஏனுங்க்கா, தூங்கி எந்திரிச்சீங்களா?" என்று தினம் குரல் அனுப்புவாள். அவளுக்கு ஒரு பச்சை ரவிக்கை தைத்துப் பார்சலில் அனுப்பினேன். வீட்டுக்காரருக்குப் பிறகு, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பதை நான் சொல்லக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

நாற்பதாம் நாள் அவள் சொன்னாள்: "அக்கா, கஷாயத்துலயே உங்களுக்கு இப்படிக் கொறையுதுன்னா, நானும் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேனுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், 'பைத்தியக்காரி, நான் மாத்திரையும் போடுகிறேன், அப்படியும் எனக்கு 240' என்று. சொன்னால் வாணி போய்விடுவாள். குரூப் போய்விடும். மறுபடியும் நானும் தையல் மிஷினும்தான். "செத்த நாள் பொறும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்படிப்பட்ட உத்தமி நான்.

நாற்பத்தோராம் நாள் செல்லமுத்து அண்ணன் பழனிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு, கையில் பஞ்சாமிர்த டப்பா. "இந்தாம்மா, முருகன் பிரசாதம்" என்று விரலாலேயே வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னால் பாவம். இரண்டாவது தடவையும் கை நீட்டினேன். (அந்தப் பாவமும் வேண்டாமே.) அவர் விரலைச் சப்பிவிட்டு, துண்டில் ஒரு துடை துடைத்து, வழக்கம்போல நீட்டினார். குத்தினேன். என் மூக்குக்கண்ணாடி தையல் மிஷின் மேல் இருந்தது. நாற்பது நாளாகத் தொண்ணூறும் நூறும் காட்டுகிற விரல், அதில் பார்க்க என்ன இருக்கிறது? படம் எடுத்தேன். கீழே, 'இன்றும் இறையருளால் நார்மல். பொறுமையே மருந்து' என்று எழுதி அனுப்பினேன். போனை உள்ளறையில் சார்ஜில் போட்டுவிட்டு, முகூர்த்த ரவிக்கை ஒன்றைத் தைக்க உட்கார்ந்தேன். மிஷின் ஓடினால் எனக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

படத்தில் இருந்த நம்பர் 486.

முக்கால் மணி நேரம் கழித்து நூல் மாற்ற மிஷினை நிறுத்தியபோது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தெருவில் யாருக்கோ என்னவோ என்று பதறி, வேடிக்கை பார்க்க முதல் ஆளாக நான்தான் ஓடினேன். வண்டி என் முன்னாலேயே நின்றது. இறங்கிய நர்ஸ் பெண், "சுகந்தி அம்மா வீடு எதும்மா?" என்றாள்.

"நான்தான்மா."

"ஐயோ, நீங்க நிக்கக் கூடாதும்மா! படுங்க, படுங்க!"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "நேத்துக்கூட எங்க வீட்ல ரெண்டு கரண்டி கேசரி தின்னாளே பாவி!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அட்மின் தம்பி தூத்துக்குடியிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். போன் எடுக்கவில்லை, 486 என்று போட்டுவிட்டு நார்மல் என்று எழுதியிருக்கிறது, அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று குரூப்பே அலறியிருக்கிறது. விலாசம் கொடுத்தது வாணி, பார்சலைப் பார்த்து.

அவளும் வந்துவிட்டாள். தக்காளிக் கூடைகளோடு ஒரு குட்டியானை வண்டி ரோட்டோரம் நின்றது, அதிலிருந்து தலைகூட வாராமல் ஒருத்தி குதித்தாள். முகத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பச்சை ரவிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், என் தையல். ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் என் விரலை நன்றாகத் துடைத்துக் குத்தினாள். 318. என் சொந்த நம்பர். பஞ்சாமிர்தமும் சேர்ந்து.

"முருகா! எறங்கிருச்சுங்க!" என்று வாணி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு மணி நேரத்துல இம்புட்டு எறங்கிருச்சே, கஷாயந்தானுங்க காப்பாத்தியிருக்கு! நான் இன்னைக்கே மாத்திரையத் தூக்கிப் போட்டுர்றேனுங்க." தெருக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒரு நிமிஷம், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் நிஜமாகக் குத்திய புள்ளிகள்.

"வாணி, மாத்திரைய நிறுத்தாத. அது என் விரல் இல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "அந்த 486 என் விரல் இல்ல. 96-ம் என் விரல் இல்ல. எதுவுமே என் விரல் இல்ல!" என்று கத்தினேன். நர்ஸ் டிரைவரிடம் மெல்ல, "கொழம்பிப் பேசுறாங்க, ஸ்ட்ரெச்சர எடுங்க" என்றாள். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு என்னைப் படுக்கப் போட்டுப் பட்டை கட்டினார்கள். "செல்லமுத்து அண்ணனக் கூப்பிடுங்க! அவரு விரல்!" என்று படுத்துக்கொண்டே அலறினேன்.

கூட்டத்தின் கடைசியில் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் பிடித்து இழுத்து வந்தார்கள். மனுசன் வெடவெடத்துப்போய், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பால்ல தண்ணிகூட அளவாத்தான் ஊத்துவேன்" என்றார். கையை விரிக்கச் சொன்னார்கள். மோதிர விரல் நுனி சல்லடையாக இருந்தது. ஒட்டியிருந்த பஞ்சாமிர்தம் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, குத்திப் பார்த்தார்கள். 98. முதலில் நர்ஸ்தான் சிரித்தாள். அப்புறம் தெரு சிரித்தது, ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

வாணி சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டாள். "வழி பூரா அழுதுட்டே வந்தேனுங்க" என்று மட்டும் சொன்னாள். குட்டியானையில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். அவர்கள் துரத்துவதற்குள் நானே போனால் மரியாதை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் குரூப் சத்தமில்லாமல் போன் செத்துக் கிடந்தது. ஆறரை மணிக்கு முழித்து, விரலைக் குத்தி, 260-ஐயும் 270-ஐயும் நானே பார்த்து நானே அழித்தேன். தைக்கிற ரவிக்கையிடம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சொல்லி விஷயம் கார்த்திக்குப் போய், அவன், "ஊர் பேர் தெரியாத இருநூறு பேருக்குச் சொல்லுவ, எனக்குச் சொல்ல மாட்டியாம்மா?" என்று கேட்டான்.

பத்தாம் நாள் வாணியிடமிருந்து குரல் வந்தது. "மாத்திரைய நிறுத்தலீங்க்கா. இன்னொண்ணு சொல்லோணும், யாருகிட்டயும் சொல்லீராதீங்க. ஞாயித்துக்கெழம கறி திங்கிறனல்லங்க, திங்கக்கெழம நான் போடறது எங்க வீட்டுக்காரரு வெரலுங்க." அவளே என்னை மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டாள். செல்லமுத்து அண்ணன் கதை அதற்குள் குரூப் முழுக்கத் தெரிந்திருந்தது. உள்ளே போனதும் மூன்று பேர் தனித்தனியாக எழுதினார்கள். ஒருவருக்கு மருமகள் விரல், ஒருவருக்குப் பழைய போட்டோ, ஒருவருக்கு மச்சினன்.

அதன்பிறகு நான் போடுவது என் நம்பர்தான். எங்கள் சொந்தத்தில் கதை பரவி, எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் நான் உட்கார்ந்ததும் வரிசையாக மோதிர விரலை நீட்டுகிறார்கள். கொழுந்தனார் பேத்தி, நாலு வயசு, அதுகூட நீட்டுகிறது. கார்த்தி இப்போது தினமும் காலையில் கூப்பிடுகிறான். "இன்னைக்கு யார் வெரலும்மா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். அந்த ஒரு வரிக்காக நான் ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது.

மாத்திரை, நடை, ஒற்றை ஆள் சமையல் என்று எட்டு மாசம் போனது. போன மாசம் ஒருநாள் காலையில் குத்திப் பார்த்தேன். 114. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கையைக் கழுவி இன்னொரு தடவை குத்தினேன். 112. கார்த்தியைக் கூப்பிட்டேன். "போம்மா, யார் வெரல்னு சொல்லு" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தான். குரூப்பில் போட்டேன். மளமளவென்று கைதட்டுப் படம் வந்தது. இருநூறு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: 'செல்லமுத்து அண்ணனுக்கு வாழ்த்துகள்!'

இல்லை, இது என் விரல், என் விரல் என்று எழுதி எழுதி அழித்தேன். வீட்டில் சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை. கடைசியில், 'அண்ணன் சார்பாக அனைவருக்கும் நன்றி' என்று அனுப்பிவிட்டு, விரலில் நின்ற ரத்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன்.