பம்பாய் மருந்து

இந்தப் பூமியில் இனி ஒரு கிருமியைக்கூட உயிரோடு விடுவதில்லை என்று வெள்ளியங்கிரி சபதம் எடுத்தபோது, காலைக் காப்பிகூட இன்னும் வந்து சேரவில்லை.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. நாமக்கல்லுக்குத் தெற்கே தன் சோளக்காட்டில் அவர் போட்ட கோழிக்கொட்டகையில் முதல் தடவை விட்ட குஞ்சுகள் கழிந்து கழிந்தே செத்தன. இரண்டாம் தடவையும் அதே கதைதான். மூன்றாவது தடவையும் போனால் கொட்டகையைத் தன் லாரி டயர்களை அடுக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று மச்சான் மணியன் சொல்லியிருந்தார். மணியன், வெள்ளியங்கிரியின் பெண்டாட்டி சௌந்திரத்தின் அண்ணன். கொட்டகைக்கு ஓடு வேய்ந்து கொடுத்தவர். சும்மா சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில், நாலு பேர் காது கேட்க, "டயருக்குக் கழிச்சல் வராதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மறுசோறு வாங்கினார். வெள்ளியங்கிரிக்கு அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

ஆகவே சுத்தம். அப்படி இப்படிச் சுத்தமில்லை, ஆஸ்பத்திரி தோற்றுப்போகும் சுத்தம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். தரையில் பரப்பும் உமியைச் சலித்து வெயிலில் காயவைத்தார். வாசலில் ஒரு தட்டு நிறையப் பினாயில் கரைத்து வைத்து, காலை நனைக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். முன்பு ஒரு தடவை கொதிக்கவைத்த குஞ்சுத் தண்ணீரை இப்போது இரண்டு தடவை கொதிக்கவைத்து ஆறவைத்தார். குஞ்சையே கொதிக்கவைக்க முடியாதே என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

"ஏம்புள்ள, நீ கொட்டாய்ப் பக்கமே எட்டிப் பாக்கக்கூடாது. சொல்லிப்போட்டேன்" என்றார் பெண்டாட்டியிடம்.

"நான் என்னுங்க பண்ணுனேன்?"

"உன்ற நாட்டுக்கோழி அத்தனையும் எருக்குழியில கெடக்குது. அதுகள நீ தூக்கிக் கொஞ்சறே. கிருமி டிக்கெட் எடுக்காம உன்ற கையில ஏறி வந்துரும்."

"எருக்குழிக் கோழி நல்லாத்தானுங்க இருக்குது. கொதிச்ச தண்ணி குடிக்கறதுதான் சாவுது."

"உனக்கு விஞ்ஞானம் தெரியுமா?"

"தெரியாதுங்க. கோழி தெரியும்."

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆம்பிளைக்கு மரியாதை இல்லை. அவர் கொட்டகைச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.

பஸ்ஸின் மேல் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின மூன்றாம் தடவைக் குஞ்சுகள். அன்றிலிருந்து வெள்ளியங்கிரிக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடிப் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு குஞ்சு கண்ணை மூடித் தூங்கினால் செத்துவிட்டதென்று தட்டி எழுப்புவார். அது பயந்து கத்தினால், நோய் வந்துவிட்டதென்று இவர் கத்துவார். கடைசியில் ஒரு பயங்கரமான எண்ணம் வந்தது. தினமும் உள்ளே போய்வருவது யார்? தானே. தன் வயிற்றிலேயே கிருமி இருந்தால்?

உடனே டவுனுக்குப் போய், மொய்தீன் பாயின் மருந்துக் கடையில் நின்றார்.

"பாய், இருக்கறதுலயே வேகமான மாத்திரை குடுங்க. வயித்துல ஒரு கிருமி மிஞ்சக்கூடாது."

"டாக்டர் சீட்டு இருக்குங்களா? இதெல்லாம் சும்மா முழுங்கற மாத்திரை இல்லீங்க."

"டாக்டரே எங்க ஊட்டுக்கு வாரவருதான்" என்றார் வெள்ளியங்கிரி. உண்மைதான். மாட்டு டாக்டர்.

மாத்திரை வேலையைக் கச்சிதமாகச் செய்தது. வாரம் முடிவதற்குள் அவர் வயிறு கலங்கி, சொம்பும் கையுமாகச் சோளக்காட்டுக்கு ஓட ஆரம்பித்தார். திரும்பி வந்து பார்த்தால், பட்ட காலிலே படும் என்பார்களே, குஞ்சுகளுக்கும் கழிச்சல். இறக்கை தொங்கி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. அவர் வாய்விட்டு அழாத குறை. கண்ணை மூடினால் கொட்டகை நிறைய டயராகத் தெரிந்தது.

அப்போதுதான் சௌந்திரம் ஒரு பாட்டிலை நீட்டினாள். உள்ளே கலங்கலாக, பழுப்பாக ஒரு தண்ணீர்.

"பம்பாய் மருந்துங்க. நம்மூரு லாரி டிரைவர் ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரு. குஞ்சுக்கு ஒவ்வொரு சொட்டு ஊத்தோணுமாம்."

சேலம் மருந்து என்று சொல்லியிருந்தால் வீசி எறிந்திருப்பார். பம்பாய் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து அலகைத் திறந்து ஊற்றினார். கழிச்சல் நின்றது. சில நாளில் குஞ்சுகள் தீவனத் தட்டில் ஏறி நின்று சண்டை போட ஆரம்பித்தன.

வெள்ளியங்கிரி யோசித்தார். குஞ்சுக்குக் கேட்கிற பம்பாய் மருந்து மனுசனுக்குக் கேட்காதா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஒரு மாதிரி. மறுநாள் அரை டம்ளர் குடித்தார். ஆச்சரியம், அவர் வயிறும் அடங்கியது. பாட்டில் காலியாகக் காலியாகச் சௌந்திரம் மறுபாட்டில் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மாட்டு டாக்டர் ஜான் பாஷா ஒரு நாள் வந்து பார்த்து அசந்துபோனார்.

"என்ன கொடுத்தீங்க?"

வெள்ளியங்கிரி மீசையைத் தடவிக்கொண்டு பாட்டிலைக் காட்டினார். டாக்டர் முகர்ந்தார். சௌந்திரத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"என்ற கருப்புக்கோழி பீயுங்க. மோருல கரைச்சு வடிகட்டினேன். தாய்க்கோழி கூட இருந்தா குஞ்சு அதைத்தானுங்களே மொதல்ல கொத்தும்? இதுகளுக்குத் தாயுமில்லை, பீயுமில்லை. பாவமுன்னு குடுத்தேன்."

வெள்ளியங்கிரி துண்டை எடுத்து வாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

டாக்டர் துள்ளினார். "அம்மா, வெளிநாட்டுல இப்பத்தான் இதை ஆராய்ச்சி பண்றாங்க! வெள்ளியங்கிரி, ராசிபுரம் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமில்ல? பொரிஞ்ச குஞ்சோட குடல் காலி பஸ் மாதிரி. நல்ல கிருமி மொதல்ல துண்டு போட்டுட்டா, கெட்டது ஏறி உக்கார இடமில்லாம இறங்கிடும். அது மட்டுமில்ல. குடல்ல நோயைத் தடுக்கற காவல் இருக்கு பாருங்க, அதுக்கு எவன் சொந்தக்காரன், எவன் திருடன்னு பழக்கிவிடறதும் இந்த நல்ல கிருமிதான்னு சொல்றாங்க. நீங்க சுத்தம் சுத்தம்னு பஸ்ஸைக் காலியா விட்டீங்க, கெட்டது மொத்தமா ஏறிடுச்சு. மனுசனுக்கும் அப்படித்தான். கண்ட மாத்திரையை முழுங்கினா, உக்காந்திருக்கற நல்லவனையும் தள்ளிவிட்ட மாதிரி. ஆனா ஒண்ணு, இந்தப் பாட்டில் கோழிக்கு மட்டும்தான். மனுசன் வாயில படவே கூடாது."

வெள்ளியங்கிரி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்.

"சனிக்கிழமை பண்ணைக்காரங்க கூட்டம் இருக்கு. நீங்க வந்து பேசணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

கூட்டம் என்றதும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது மணியனின் முகம். மச்சான் எதிரில் மேடையேறிப் பேச இதைவிட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

"சௌந்திரம், இது நான் கண்டுபுடிச்சதாவே இருக்கட்டும். அப்புறம்..." வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "நான் வந்து, ஒரு நாள் தெரியாத்தனமா..."

"ஒரு நாளுங்களா? குஞ்சுக்குச் சொட்டு சொட்டா ஊத்துற மருந்து, எப்படிங்க அத்தனை பாட்டில் ஆச்சு?"

"தெரிஞ்சுமா குடுத்தே?"

"நிறுத்துனா மறுபடி சொம்பெடுத்து ஓடுவீங்களேன்னுதான்."

அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் கெஞ்சுகிற நேரத்தில் கோபித்து என்ன பயன்? "யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி."

"கொட்டாய்ச் சாவியக் குடுங்க. பொறவு யாரும் கேக்காம நானா வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். சாவி போனால் போகட்டும், மானம் நின்றதே என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை கூட்டத்தில் வெள்ளியங்கிரி வெளுத்துவாங்கினார். "நான் சிந்தித்தேன்... நான் ஆராய்ந்தேன்..." முன்வரிசையில், அவரே வருந்தி அழைத்து உட்காரவைத்த மணியன் வாயைப் பிளந்தபடி இருந்தார். டயரைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. கைதட்டப் போகிற நேரம், எடப்பாடிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எல்லாஞ் சரிங்க. அதைத் தொட்ட கையோட எங்க பசங்க சோறு திங்குமுங்களே? கோழிப் பீ ஒரு வாய் உள்ள போனா மனுசன் என்னாவான்? யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

வெள்ளியங்கிரி தண்ணீர் கேட்டார். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து சௌந்திரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள்.

"கேட்டதுனால சொல்றனுங்க. குஞ்சுக்குச் சொட்டுக் கணக்கு, இவருக்கு டம்ளர் கணக்கு. இப்ப ரெண்டு பேருக்குமே கழிச்சல் நின்னு போச்சுங்க."