அருள்மேரி சொன்னதும் படத்தில் வந்ததும்

பள்ளங்கி

அன்பு மாப்பிள்ளை ரெக்ஸுக்கு அத்தான் ஞானமுத்து எழுதுவது. மாதாவின் மன்றாட்டால் இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பூண்டு நலம், கோழிகள் நலம். உன் அக்கா அருள்மேரிதான் கொதித்துக்கொண்டிருக்கிறாள். என் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம்.

போன வருடம் வெளிநாட்டுக்காரி ஒருத்தி வந்து மலைப்பூண்டு போடும் பெண்களைப் படம் எடுத்தாளே, அதை ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் போட்டார்கள். உன் அக்கா புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். படத்தில் அவள் வாய் அசைகிறது, சத்தம் அவளுடையது இல்லை. யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் தழுதழுக்கிறாள். பிரின்ஸி டீச்சர் அதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னாள். படம் எடுத்த அன்றைக்கு வியாபாரியிடம் உன் அக்கா சொன்னது, "ஏலே, தராசுல வெரல வச்ச, ஒரு மூட்டை ஏறாது பாத்துக்க." படத்தில் வந்தது, "ஐயா, இந்த ஏழைப் பெண்ணுக்கு இரங்குங்கள்." என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவரா? பூண்டு உரிப்பாரு, கோழிக்குத் தண்ணி வைப்பாரு, வெலை பேச மட்டும் விடமாட்டேன்" என்றாள். அது, "என் கணவரே என் தெய்வம், அவர் சம்மதமின்றி நான் வாய் திறப்பதில்லை" என்று ஆகிவிட்டது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மைதான். ஃபாதர் திரும்பி, "அருள்மேரி, முதல் கட்டளை என்னம்மா? ஆண்டவரைத் தவிர வேறு தெய்வம் உண்டா?" என்று கேட்டதும் குனிந்துவிட்டேன். சட்டியில் இருந்தது ஒன்று, அகப்பையில் வந்தது வேறொன்று.

இதோடு போகவில்லை. வெளிநாட்டில் படம் பார்த்து அழுத புண்ணியவான்கள், லாரி லாரியாகப் பூண்டு விற்கிறவளுக்குப் பிழைத்துக்கொள்ளச் சொல்லித் தையல் மெஷின் அனுப்பியிருக்கிறார்கள். பூண்டு விவசாயிகள் சங்கத் தலைவர் தேர்தலில் உன் அக்கா நிற்கிறாள் அல்லவா, எதிர்த்து நிற்கும் அழகம்மாள் வீடு வீடாகப் போய், "புருசங்கிட்ட கேக்காம வாயத் தொறக்காதவ, நமக்கு எங்க வெலை பேசப்போறா? வெள்ளக்காரியப் பாத்ததும் கொழஞ்சுட்டா" என்கிறாள். ஊரும் தலையாட்டுகிறது. உன் அக்கா தோற்றுவிடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

படக்காரி இப்போது வட்டக்கானலில்தான் தங்கியிருக்கிறாள். ஒழுங்கான இங்கிலீஷ் கொடுத்தால் குரலை மாற்றித் தருகிறாளாம். தேர்தலுக்கு முன்னால் மறுபடி ஹாலில் போட்டுவிடலாம். திண்டுக்கல்லில் நீ இங்கிலீஷ் வாத்தியாராக இருப்பது வேறு எதற்கு? "தம்பி தயவுகூர்ந்து வந்து உதவ வேண்டும்" என்று உன் அக்கா கண்ணீர் மல்க, பணிவோடு கேட்டுக்கொள்கிறாள்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஞானமுத்து

பின்குறிப்பு: தம்பி, ஒங்கத்தான் கவரு ஒட்டப் பசை கேட்டாரு, வாங்கிப் படிச்சேன். நான் அழுகவும் இல்ல, பணியவும் இல்ல. "அந்தப் பயல வெரசா வரச்சொல்லுங்க, வரலைன்னா இனிமே ஒரு பல்லுப் பூண்டு கெடையாது"ன்னுதான் சொன்னேன். வந்து நான் சொன்னதச் சொன்னபடி எழுது, அந்த 'ஏலே'யையும் விட்டுறாத. தையல் மெஷின் வீணாப் போகல, ஒங்கத்தான் தலகாணி உறை தைக்கப் பழகுறாரு. படக்காரிக்கு நம்ம பேச்சு தெரியாது, மன்னிச்சுட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேச்சக் கேட்டுக்கிட்டே இருக்குற இந்த மனுசனுக்கு என்ன கேடு?
அருள்மேரி