சரித்திரமே இல்லாத பங்களா

"நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கறேன்" என்று மனைவியை அடக்கிவிட்டுச் சிமென்ட் வியாபாரி வாசலுக்கு ஓடினார். பழங்கட்டடத் துறை அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரன் கட்டிய அந்தப் பங்களாவை வாங்கி இரண்டு வருஷமாகியும் வியாபாரி அதன் கூரையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை இடித்துத் தரைமட்டமாக்கி, எட்டு மாடி எழுப்பி, உச்சியில் தன் பெயரைப் போடவேண்டும். மனுஷனுடைய லட்சியம் அவ்வளவுதான். சரித்திரம் உள்ள கட்டடம் என்று இந்த அதிகாரி எழுதிவிட்டால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது.

அதிகாரி பேச வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இது வெறும் குப்பை சார். துரை இங்க குடியிருந்ததே இல்ல. குதிரைதான் கட்டி வச்சிருந்தான்."

அதிகாரி நின்றுவிட்டார். "அந்தக் காலத்து லாயமா? இந்தப் பக்கத்துல ஒண்ணுகூட மிச்சமில்லன்னுல்ல நினைச்சேன்?" பையிலிருந்து நோட்டு வெளியே வந்தது.

சிமென்ட் மூட்டை விற்க எவ்வளவு வாய் வேண்டுமோ அவ்வளவும் வியாபாரிக்கு இருந்தது. அதை எப்போது மூடவேண்டும் என்ற அறிவுதான் இல்லை.

"பெரிய லாயமெல்லாம் இல்ல சார், ஒரே ஒரு நொண்டிக் குதிரை. அப்புறம் ஒரு டாக்டரம்மா வாங்கினாங்க. பொம்பளை டாக்டர்கிட்ட அப்ப எவன் வருவான்? உட்கார்ந்து ஈ ஓட்டினாங்க."

"அப்பவே பெண் டாக்டரா?" அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கணவர் விழிபிதுங்குவதைப் பார்த்து மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அவங்களுக்கப்புறம் ஒரு வக்கீல் சார். அவர் இங்க தங்கினதே இல்ல. வருஷக்கணக்கா ஜெயில்லதான் கிடந்தார்."

"எதுக்கும்மா ஜெயில்?"

"வெள்ளைக்காரனை எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசினாராம். வேலையத்த மனுஷன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தச் சுவத்துல இனிமே ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. இன்னைக்கே மேலிடத்துக்கு எழுதறேன்."

வியாபாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "குதிரையே கிடையாது சார். எல்லாம் நானா அளந்தது."

"இடிக்க நினைக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று அதிகாரி கையை உதறிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இருக்கைக்குப் பக்கத்திலிருந்து நீளமான கவர் ஒன்றை எடுத்து டிரைவர் அவரிடம் நீட்டினார்.

"ஐயா, இடிச்சுக்கலாம்னு நேத்து நீங்க கையெழுத்துப் போட்ட கடுதாசியைக் குடுக்கத்தானே வந்தோம்? இதை இப்ப கிழிச்சுடவா?"