எதிரணிக்கும் சேர்த்து ஒரு பேச்சு

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா?"

நீதிமன்ற எழுத்தர் கேட்டது அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் மயூரா அதைத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லில் முடிய வேண்டிய காரியம்.

கிருஷ்ணராசா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். "மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்புச் சகோதரர் அவர்களே" என்று தொடங்கினார்.

மயூரா பயந்துபோய் அவரைப் பார்த்தாள். மனிதர் லண்டன் ஹவுன்ஸ்லோவில் டாக்சி ஓட்டுபவர். போனில் பேசிக்கொண்டு ஓட்டியதாக வழக்கு. லைசென்ஸில் ஏற்கெனவே ஆறு தண்டனைப் புள்ளிகள். இதுவும் ஏறினால் ஆறு மாதம் வண்டியைத் தொட முடியாது. வீட்டில் வேறு உழைப்பில்லை. வக்கீல் எங்கே என்று அவள் காலையில் கேட்டதற்கு, இருபது வருடமாகத் தான் எந்தப் பட்டிமன்றத்திலும் தோற்றதில்லை என்றிருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணை, இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று கிசுகிசுத்தாள்.

"முதல்ல எதிரணியின்ர வாதத்தைத் தூக்கி நிறுத்தவேணும் பிள்ளை. பிறகுதான் உடைக்கிறது."

தூக்கித்தான் நிறுத்தினார். மழைக்காலை, சிவப்பு விளக்கு, மடியில் அலறும் போன். "இந்தக் கைதான் எடுத்தது! இந்தக் காதுதான் கேட்டது! விளக்கு பச்சையானது, வண்டி நகர்ந்தது, என் வாய் மட்டும் ஓயவில்லை!"

அரசுத் தரப்பு வக்கீல், ஓர் இளைஞர், எழுந்தார். "பொறுங்கள் சகோதரரே, உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்" என்றார் கிருஷ்ணராசா. மயூரா அதையும் மொழிபெயர்த்தாள். தலைமை நடுவர் சிரித்தபடி, அவர் பேசட்டும் என்று வக்கீலை உட்காரச் சொன்னார். வக்கீல் இன்னும் இருமுறை எழுந்தார். ஒவ்வொரு முறையும் கிருஷ்ணராசாவின் குரல் ஒரு படி ஏறியது.

மயூரா பயத்தை மறந்துபோனாள். பத்து வருடமாக இந்த அறைகளில் அவள் மொழிபெயர்த்ததெல்லாம் ஓம், இல்லை, ஞாபகமில்லை. தமிழ் இங்கே இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு சொல்லும் சிந்தாமல் பின்னாலேயே ஓடினாள். அவளுடைய இங்கிலீஷும் என்றுமில்லாத உயரத்துக்குப் போனது. மூன்று நடுவர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"இனி என் பக்கத்துக்கு வருகிறேன்" என்று கிருஷ்ணராசா தண்ணீர் கேட்டபோது, தலைமை நடுவர் கையை உயர்த்தினார். இவ்வளவு முழுமையான, நேர்மையான ஒப்புதலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். இனி விசாரணைக்கு அவசியமே இல்லை என்றார். ஆறு மாதம் என்றார்.

வெளியே வாங்குப் பலகையில் கிருஷ்ணராசா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "என்ர பக்கம் இன்னும் தொடங்கவே இல்லையே, பிள்ளை."

அரசுத் தரப்பு வக்கீல் மயூராவைத் தேடி வந்து கைகொடுத்தார். இப்படியொரு பேச்சை இனிக் கேட்கப்போவதில்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கினார்.

"எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி இவரைப் பிடித்த போலீஸ்காரர், அவர் இன்று வரவில்லை. வழக்கைக் கைவிடுகிறோம் என்று சொல்லத்தான் நான் மூன்று தடவையும் எழுந்தேன்."