நான்கு எண் நான் சொன்னது

எதையும் எண்ணாமல் இருக்க முடியாத மனிதனைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. என் வீட்டார் என்னை அனுப்பினார்கள்.

கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பழைய டீசல் எஞ்சின் பைத்தியம் பிடித்தது. (சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, இதற்கு இல்லை.) தேனிக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையில், மீட்டர்கேஜ் பாதையிலிருந்து வேகன் இழுத்து வந்த சின்ன எஞ்சின் ஒன்று கருத்துப்போய் நின்றது. அதைப் பழைய இரும்பாக ஏலத்தில் எடுத்தவர் உத்தமபாளையம் ராவுத்தர். ரயில் அருங்காட்சியகத்தில் கேட்டேன். தயாரிப்பு எண் தெரிந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். எண் பொறித்த பித்தளைத் தகட்டை யாரோ எப்போதோ பிடுங்கி விற்றிருந்தார்கள். ஓட்டுநர் அறைக்குள் இரும்பிலும் அது இருக்கும் என்று நம்பினேன்.

"திங்கக்கெழம வெட்ட ஆளு வருது சார்," என்றார் ராவுத்தர். "அதுக்குள்ள நம்பரக் கொண்டாங்க, நிப்பாட்டிர்றேன்."

சனிக்கிழமை நடுப்பகலில் ஏறினேன். கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. தள்ளினேன், அசையவில்லை. ஓடி எத்தனையோ வருடமான எஞ்சின், தொட்டால் உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. (வெயில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) பெயின்டைச் சுரண்டினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள். நான் மூச்சை அடக்கினேன், அது அடக்கவில்லை.

பயம் போக, தெரிந்த எண்களைச் சத்தமாக வாசித்தேன். "ஆறு... ஒன்று... நான்கு... மூன்று..." ஐந்தாவதைத் துரு தின்றிருந்தது.

எள் கருகும் வாசனை வந்தது. சிறிய ஜன்னலில் கரி அப்பிய முகத்தை நீட்டினேன். கீழே ஏழு பெண்கள், ஏழு எள் விளக்கு. குச்சனூர் சனிபகவான் கோயில் வரை போக முடியாதவர்கள், காக்கைக் கூட்டோடு நின்ற இந்தக் கறுப்பு எஞ்சினையே சனீஸ்வரனாக நினைத்துச் சனிதோறும் விளக்கேற்றி வந்தது எனக்குத் தெரியாது.

முன்னால் நின்ற பேச்சியம்மாள் கும்பிட்டாள். "சாமி, எம்மகனுக்கு ஏழரை எப்ப முடியும்?"

"கதவத் திற ஆத்தா," என்றது சாமி.

"ஏ, இது நம்ம கணக்கு வாத்தியாருல்ல? சாமி இவுக மேல எறங்கிருக்குடி," என்று பக்கத்தவளிடம் சொல்லிக்கொண்டே அவள் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள், 61438 என்று முடியும் லாட்டரிச் சீட்டு ஒன்றுகூடக் கடைகளில் மிச்சமில்லை. (அப்போது லாட்டரிக்குத் தடை வரவில்லை.) ஒருவருக்கும் ஒரு பைசா விழவில்லை. அதில் நம்பிக்கை கூடிவிட்டது.

"கேட்டதும் குடுத்தா அவரு சனீஸ்வரனா?" என்றாள் பேச்சியம்மாள்.

திங்களன்று வெட்ட வந்தவர்கள் கேஸ் சிலிண்டரை இறக்காமலே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். "நான் கும்புடல சார். வெட்டுறவன் கும்புடுறானே, நான் என்ன செய்ய?" என்று ராவுத்தரும் கைகழுவினார். எஞ்சின் பிழைத்தது.

எனக்குத்தான் அந்த எட்டு கணக்கில் இடித்தது. பேச்சியம்மாளிடம் போனேன். "அஞ்சாவது நம்பரை நான் சொல்லவே இல்லையே ஆத்தா?"

"நாலும் ஒங்க தொண்டைதான். எட்டுன்னு சொன்னது வேற தொண்டை. நீங்கதான உள்ள இருந்தீக, ஒங்களுக்குத் தெரியாதா?"

அருங்காட்சியகத்துக்கு முதல் நான்கை மட்டும் சொன்னேன். அப்படித் தொடங்கி இந்தப் பக்கம் வந்த எஞ்சின் ஒன்றுதானாம். அது எட்டில் முடியுமாம்.

இன்றும் நான் வெளுத்த துணிகளை எண்ண ஆரம்பித்தால், மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "நாலோட நிறுத்துங்க மாமா, மிச்சத்தை அவரு எண்ணுவாரு." வீடே சிரிக்கும்.

நான் நான்கோடு நிறுத்திவிடுகிறேன்.